எங்கள் செவியை வளர்த்த பாடல்கள்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் நம் சங்கத்தின் உதவியால் படித்து முன்னேறினார்கள் என்ற கணக்கைச் செயலாளர் அவர்கள் சற்று முன்பு வாசித்தார்கள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு பாட்டைப் பற்றிப் பேச எழுந்திருப்பது, விருந்து முடிந்தபின் பசிக்கு மருந்து கொடுக்க வந்தவன் கதையாக இருக்கிறது. எனினும் விழாக் குழுவினர் தந்த தலைப்பு இதுதான்: 'நாங்கள் விரும்பிய பாடல்கள்'. எளிய தலைப்பு என்றே முதலில் தோன்றியது. குறிப்பெழுத உட்கார்ந்தபோதுதான், எந்தப் பாட்டை விரும்பினோம் என்பதைவிட எந்த ஓசையை வெறுத்தோம் என்பது முதலில் நினைவுக்கு வந்தது. அங்கிருந்தே தொடங்குகிறோம்.

'நாங்கள்' என்று இங்கே சொல்வது ஒரு தலைமுறையை. புதுக்கோட்டைச் சீமையின் சேரிகளில் 1950களின் இறுதியிலும் 60களிலும் பிறந்து, பள்ளிக்கூடத்தை எட்டிப் பிடித்து, ஏதோ ஓர் உத்தியோகத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். நாங்கள் பிறந்தபோது புதுக்கோட்டை தனி மாவட்டமாக இல்லை. தொண்டைமான் மன்னர்களின் சமத்தானமாக இருந்து, 1948 மார்ச்சு 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாகக் கிடந்து, 1974 சனவரி 14ஆம் நாள்தான் தனி மாவட்டமாயிற்று. மன்னராட்சி போய்க் குடியாட்சி வந்ததையும், மாவட்டம் பிரிந்ததையும் எங்கள் தெரு செய்தியாகத்தான் கேட்டது. தப்போசையில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை.

ஆம், தப்பு. பறை என்று இன்று மேடையில் சொல்கிறோம். எங்கள் பக்கத்தில் அன்று அதற்குத் தப்பு என்பதே பெயர். பிழைக்கும் அதே சொல் வழங்குவதால், பள்ளியில் எங்களைக் கேலி செய்ய விரும்பியவர்களுக்குச் சொல் தேடும் சிரமம் இருக்கவில்லை. வீட்டுச் சுவரில் ஆணியில் அது தொங்கும். வேப்பமரத்தை மூன்று துண்டாகச் செதுக்கி, வட்டமாகச் சேர்த்து, இணைப்பில் இரும்புத் தகடு அடித்து, புளியங்கொட்டைப் பசை தடவிக் கன்றுத் தோலை இழுத்து ஒட்டுவார்கள். இடக்கையில் மெல்லிய நீண்ட சிம்புக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. வாசிக்குமுன் வைக்கோல் தீயில் காட்டிக் காய்ச்சுவார்கள். தோல் சூடேற ஏற, மந்தமாக இருந்த ஓசை கணீரென்று எழும். எந்தச் சூட்டில் நிறுத்தவேண்டும் என்பதை விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டியே எங்கள் தந்தையர் அறிவார்கள். சுருதி சேர்ப்பது என்று சங்கீதக்காரர்கள் சொல்வது இதுதான் என்று எங்களுக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

ஊரில் இழவு விழுந்தால் முதலில் ஆள் வருவது எங்கள் தெருவுக்கு. பல ஊர்களுக்கு நடந்து போய்க் கேதம் சொல்லவேண்டும். தப்படிக்கவேண்டும். குழி வெட்டவேண்டும். பிணம் எடுக்கும்வரை, இரண்டு நாளாயினும் தெருமுனையில் நின்று அடிக்கவேண்டும். வரமுடியாது என்று சொல்லும் உரிமை இல்லை. இதற்கு அறுவடைக் களத்தில் அளந்து போடும் நெல்லுக்குச் 'சுதந்திரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்! மடியேந்தி நின்று வாங்கும் நெல்லுக்கு அப்படியொரு பெயரைச் சூட்டிய புண்ணியவான் யாரோ தெரியவில்லை. 1947இல் நாட்டுக்குக் கிடைத்ததும் எங்களுக்குக் களத்தில் கிடைத்ததும் ஒரே சொல்லால் வழங்கின.

ஆகவே அந்த ஓசை எங்களுக்குப் பிடிக்கவில்லை. தொலைவில் தப்புக் கேட்டால் தந்தை இன்று வீட்டுக்கு எப்படி வருவார் என்ற அச்சம் வரும். கள் மணமும் சுடுகாட்டுச் சாம்பல் வாடையும் நினைவில் எழும். நாளை வகுப்பில் எவன் என்ன சொல்லிச் சிரிப்பானோ என்ற கூச்சம் வரும். அதில் எத்தனை வகை அடி உண்டு, சாவுக்கு ஒன்று, சாமி புறப்பாட்டுக்கு ஒன்று, மஞ்சுவிரட்டுக்கு ஒன்று என்பதையெல்லாம் அன்று எண்ணிப் பார்க்க மனம் இடம் கொடுக்கவில்லை. ஒரு நாற்காலியில் உங்களைக் கட்டிவைத்துவிட்டு, இந்த நாற்காலியின் வேலைப்பாடு எப்படி என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

எங்கள் செவி வேறெங்கோ பசியாறத் தேடிற்று. அதற்கு வழி செய்தது ஒலிபெருக்கி.

ஊரில் திருமணம் என்றால் ரேடியோ செட்டுக்காரர் முதல்நாளே மாட்டுவண்டியில் வந்து இறங்குவார். புளியமரத்து உச்சியில் இரண்டு கூம்புகளைக் கட்டுவார். ஒன்று ஊர்ப்பக்கம் பார்க்கும், மற்றது வயற்பக்கம். வயற்பக்கம் திரும்பிய கூம்பு எங்களுடையது. அந்தப் பந்தலுக்குள் நாங்கள் போகமுடியாது. பந்தி முடிந்தபின் கொல்லைப்புறத்தில் காத்து நிற்கலாம். ஆனால் சீர்காழி கோவிந்தராசனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி நள்ளிரவுவரை ஓடிய இசைத்தட்டுகளை எங்களுக்குக் கேட்காமல் தடுக்க எவராலும் இயலவில்லை. தெருவுக்கு எல்லை போட்டவர்கள் காற்றுக்கு எல்லை போட மறந்துவிட்டார்கள். செட்டுக்காரர் எந்தத் தட்டுக்குப் பிறகு எந்தத் தட்டை வைப்பார் என்பதைக்கூட நாங்கள் மனப்பாடமாகச் சொல்வோம்.

இன்னொன்று டூரிங் டாக்கீசு. தேநீர்க் கடையில் எங்களுக்குத் தனிக் குவளை இருந்த காலத்தில், கொட்டகையின் தரை டிக்கெட்டில் தனி மணல் இருக்கவில்லை. முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் எல்லோரும் ஒன்றுபோல மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தோம். எங்கள் தந்தையர்க்குப் பி. யு. சின்னப்பா என்றால் உயிர். அவர் இந்தப் புதுக்கோட்டையிலேயே பிறந்தவர். 'சகதலப்பிரதாபன்' படத்தில், 1944இல், ஒரே மேடையில் பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் அவரே தோன்றும் காட்சியை வாயால் நடித்துக் காட்டாத பெரியவர் எங்கள் தெருவில் இல்லை. தப்பை இறக்கி வைத்த கையால் காற்றில் மிருதங்கம் வாசித்துக் காட்டுவார்கள். 1951இல் சின்னப்பா இளவயதிலேயே மறைந்தபோது நாங்கள் பிறக்கவே இல்லை. ஆயினும் அவர் பாட்டைப் பாடித்தான் எங்களைத் தோளில் தூக்கினார்கள்.

மூன்றாவது வானொலி. பஞ்சாயத்து வானொலிப் பெட்டியை மாலையில் திறப்பார்கள். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்துக் கரையோர ஊர்களில் உறவினர் வீட்டுக்குப் போனால், கடல் தாண்டி வரும் இலங்கை வானொலி பக்கத்து அறையில் பேசுவதுபோலக் கேட்கும். மயில்வாகனனின் குரலுக்கு வயிற்றுப் பசியை மறந்தவர்கள் உண்டு. இதற்கு ஒரு காரணம் இருந்தது. 1952இல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேசுகர், மக்கள் கேட்கவேண்டியது சாத்திரிய சங்கீதமே என்ற எண்ணத்தால், அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டின் இடத்தைச் சுருக்கினார். மக்கள் அமைச்சரோடு வழக்காடவில்லை. முள்ளைத் திருப்பிக் கொழும்புக்கு வைத்துவிட்டார்கள். 1957இல் விவித்பாரதி தொடங்கி அரசு தானே இறங்கி வந்தது. எது நல்ல பாட்டு என்பதை மேலே இருப்பவர் தீர்மானித்துக் கீழே அனுப்பினால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஒரு பாடம்.

இந்த மூன்று வழியிலும் எங்களை வந்தடைந்த குரல்களில், எங்கள் நெஞ்சைத் தொட்டு நின்றவர் பட்டுக்கோட்டைக் கல்யாணசுந்தரம். மாவட்ட எல்லைக்கு அப்பால், பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காட்டில் 1930இல் பிறந்து, 1959இல் இருபத்தொன்பது வயதில் மறைந்தவர். 1958இல் வந்த 'நாடோடி மன்னன்' படத்தில் உழவன் ஒருவனும் அவன் துணைவியும் கேள்வியும் விடையுமாகப் பாடும் பாட்டு ஒன்று உண்டு. விளைச்சல் இத்தனை இருந்தும் உழைத்தவன் கை ஏன் வெறுமையாக இருக்கிறது என்று அவள் கேட்பாள். அவன் வரப்போகும் நாளைச் சொல்லித் தேற்றுவான். எங்களுக்கு அந்தப் பாட்டில் பிடித்தது அவன் சொன்ன விடையன்று, அவள் கேட்ட கேள்வி. அந்தக் கேள்வியை எங்கள் தாய்மார்கள் வரப்பில் நின்று கேட்டிருக்கிறார்கள். ஆனால் அது புளியமரக் கூம்பிலிருந்து, ஊர்ப் பெரிய வீட்டுத் திருமணத்தில், அவர்கள் கொடுத்த கூலிக்கே ஒலித்ததைக் கேட்டபோது எங்களுக்குள் உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! பந்தலில் இருந்தவர்களுக்கு அது வெறும் பாட்டு. வயற்பக்கக் கூம்பின்கீழ் அது ஒரு மனு.

தாய்மார்கள் என்றோம். அவர்கள் பாட்டை நாங்கள் அந்நாளில் பாட்டு என்று எண்ணவில்லை. புதுக்கோட்டை வானம் பார்த்த சீமை. கண்மாய் பெருகினால் நடவு, பெருகாவிட்டால் பஞ்சம். நடவு நாளில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். முதலில் நிலத்துக்காரரைப் புகழ்வார்கள். வரப்பில் குடைபிடித்து நிற்பவர் மகிழ்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே, நான்காவது ஐந்தாவது அடியில் அவருடைய மரக்கால் ஏன் சிறுத்துப்போயிற்று என்ற செய்தி குலவையோடு கலந்து வந்துவிடும். அவர் கோபிக்கமுடியாது, பாட்டுத்தானே! பெரிய வீட்டு இழவுக்கு இதே தாய்மார்கள் போய் மாரடித்து அழவேண்டும். அந்த அழுகைக்கு நீளம் உண்டு, கூலி உண்டு. நம் வீட்டில் ஒரு பிள்ளை இறந்தபோது அதே குரல் வேறாக இருந்தது. ஒரே விளியைப் பத்து முறை சொல்வார்கள், பத்து முறையும் ஒன்றுபோல இராது. ஒரு முறை மேலேறி நிற்கும், ஒரு முறை நடுவில் ஒடியும், ஒரு முறை மூச்சாகவே இறங்கி மண்ணில் போய்ச் சேரும். பின்னாளில் கச்சேரி கேட்கப் பழகியபோது, ஒரே அடியைச் சங்கதி சங்கதியாக விரித்துப் பாடுவதைக் கண்டு பக்கத்தில் இருந்தவர்கள் வியந்தார்கள். நாங்கள் வியக்கவில்லை. அந்தப் பாடத்தை எங்கள் செவி திண்ணையிலேயே படித்து முடித்திருந்தது.

கச்சேரி என்ற சொல் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறோம். உயர்ந்த இசைக்குப் புதுக்கோட்டைக்கு எந்தக் குறையும் இல்லை. நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள குடுமியான்மலையில், பாறையில் கிரந்த எழுத்தில் ஏழு கிராம ராகங்களின் சுர வரிசைகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். உருத்திராசாரியருக்குச் சீடனான ஓர் அரசன் செய்தது என்று கல்லே சொல்கிறது. மகேந்திரவர்மப் பல்லவனே அவ்வரசன் என்று நெடுங்காலம் எழுதினார்கள். அதை ஏற்காத அறிஞரும் உண்டு. பள்ளிச் சுற்றுலாவில் நாங்கள் அதைப் பார்த்தோம். வரிசை வரிசையாகச் சிற்றெழுத்துகள். பாடிக் காட்ட யாரும் இல்லை. இசையைக் கல்லில் வைத்தால் நிலைக்கும், ஆனால் கேட்காது என்று எங்களுள் ஒருவன் சொன்னதற்கு ஆசிரியர் அவன் காதைத் திருகினார்.

பின்னாளில் எங்களை உண்மையிலேயே சிந்திக்க வைத்தது கஞ்சிராவின் வரலாறு. பசனைகளில் தட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு கருவியைப் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கச்சேரி மேடைக்கு உயர்த்தினார். அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் தென்னாடெங்கும் பெயர் நாட்டினார். இப்பெருமக்கள் இருவரையும் நாம் கைகூப்பி நினைக்கவேண்டும். கஞ்சிரா என்பது என்ன? ஒரு மரவளையம், அதன் ஒரு பக்கத்தில் ஒட்டிய தோல். தப்பு என்பது என்ன? ஒரு மரவளையம், அதன் ஒரு பக்கத்தில் ஒட்டிய தோல். அதற்குப் பலா மரம், உடும்புத் தோல். இதற்கு வேம்பு, கன்றுத் தோல். அதை ஈரம் தடவி இறக்குவார்கள், இதைத் தீயில் காட்டி ஏற்றுவார்கள். ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரு வளையம் அரசவைக்குப் போயிற்று. மற்றொரு வளையம் சுடுகாட்டுப் பாதையிலேயே நின்றுவிட்டது. தோலில் தீட்டு இருந்திருந்தால் இரண்டுக்கும் அல்லவா இருந்திருக்கவேண்டும்? தீட்டு எங்கே ஒட்டியிருந்தது என்பது இப்போது உங்களுக்கே விளங்கும்.

சேக்கிழாரும் இதற்குச் சான்று தருகிறார். பெரியபுராணத்தில் திருநாளைப்போவார், அதாவது நம் நந்தனார், சிவன் கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்துவந்தவர் என்று கூறுகிறார். கோயிலுக்குள் ஒலித்த ஓசையெல்லாம் அவர் கொடுத்த பொருளில் பிறந்தது. அவர் மட்டும் வெளியே நின்றார். கோபாலகிருட்டிண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் அக்கதையைக் கீர்த்தனையாக்கியபோது, சேக்கிழாரிடம் இல்லாத ஓர் ஆண்டையைப் படைத்துச் சேர்த்தார். உண்மையை ஒளிக்காமல் சொன்னார் என்றே அதைக் கொள்ளலாம், ஆண்டை இல்லாத சேரியை எவர் கண்டது? 1942இல் செமினி எடுத்த 'நந்தனார்' படத்தில் தண்டபாணி தேசிகர் பாடியதை எங்கள் பெரியவர்கள் கண்ணீரோடு கேட்டார்கள். எங்கள் தலைமுறை வேறுவிதமாகக் கேட்டது. அந்தக் குரலின் இனிமையில் எங்களுக்கு மறுப்பில்லை, இன்றும் இல்லை. ஆனால் உத்தரவு கேட்டுக் கேட்டுக் குழைகிற அந்த இனிமை எங்கள் தொண்டைக்குள் இறங்க மறுத்தது. பாட்டு நன்றாக இருப்பது வேறு, அந்தப் பாட்டுக்குள் நாம் இருக்கிற இடம் நன்றாக இருப்பது வேறு. இரண்டையும் சேர்த்துக் கேட்கப் பழகியது எங்கள் தலைமுறையின் செவி.

இதற்கிடையில் தப்பைத் துறக்கும் இயக்கம் வந்தது. பரம்பரை ஊர்வேலைகளைக் கைவிடுங்கள் என்று பாபாசாகேப் அம்பேத்கர் மராட்டியத்தில் சொன்ன சொல், மெல்ல மெல்லத் தெற்கே வந்து சேர்ந்தது. தென்னார்க்காட்டில் இளையபெருமாள் அவர்கள் பறையடிக்கும் வேலையை விட்டொழிக்கச் சொல்லிப் பாடுபட்டார். தீண்டாமை குறித்து ஆராய்ந்த நடுவணரசுக் குழுவுக்குத் தலைமை தாங்கி 1969இல் அறிக்கை தந்தவரும் அவரே. நம் பக்கத்திலும் தப்பைக் கிணற்றில் எறிந்தவர்கள் உண்டு, தீயிலிட்டவர்கள் உண்டு. அதற்காக அடிபட்டவர்களும், களத்து நெல் நிறுத்தப்பட்டவர்களும், குளத்தில் இறங்க விடாமல் தடுக்கப்பட்டவர்களும் இந்த அவையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எரித்தது ஓர் இசைக்கருவியை என்று இன்று சிலர் நகரத்திலிருந்து வந்து வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தத்தை நாங்கள் ஏற்கமாட்டோம். அவர்கள் எரித்தது ஒரு கட்டளையை. கருவி அதன் கையில் இருந்தது, அவ்வளவே.

கட்டளை எரிந்தபின் ஓசை என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு எங்களுக்கு விடை காட்டியவர் கே. ஏ. குணசேகரன். பக்கத்துச் சிவகங்கைச் சீமையில் மாறந்தை என்னும் சிற்றூரில் 1955இல் பிறந்து, படித்து, பேராசிரியராகி, உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்து, 2016 சனவரியில் மறைந்தவர். 'வடு' என்னும் அவருடைய தன்வரலாற்றைப் படிக்காத மாணவர்கள் நம் சங்க நூலகத்தில் கேட்டு வாங்கிப் படிக்கவேண்டும். கவிஞர் இன்குலாபு எழுதிய 'மனுசங்கடா' பாட்டை அவர் குரலில் நாங்கள் முதன்முதலில் ஒரு திறந்தவெளிக் கூட்டத்தில் கேட்டோம். மெட்டு புதிதன்று, எங்கள் தெரு மெட்டு. பின்னால் ஒலித்தது தப்பு. ஆனால் அதை அடித்தவர் தலைநிமிர்ந்து, மேடையின் நடுவில் நின்று அடித்தார். அடித்து முடித்தபின் கூலி கேட்டுக் கொல்லைப்புறம் போகவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் உடம்பு சிலிர்த்தது பாட்டுக்கா, நாற்காலிக்கா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சிறுவயதில் காதைப் பொத்திக்கொண்ட அதே ஓசைக்கு அன்று காலால் தாளம் போட்டோம். அதே காலத்தில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலசு அப்பாவு, கோயிற் கீர்த்தனைக்குப் பதிலாக நாட்டுப்புற மெட்டிலேயே வழிபாட்டுப் பாடல்களை இயற்றிக்கொண்டிருந்தார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபின் திரையிசையிலும் வயற்காட்டு மெட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. இளையராசா அவர்கள் தம் அண்ணன் பாவலர் வரதராசனோடு பொதுவுடைமை மேடைகளில் பாடி வளர்ந்தவர். அவரை எந்தப் பெயரால் சுட்டவேண்டும் என்பதில் அவருக்கென்று ஒரு விருப்பம் உண்டு, அதை மதிப்போம். அவர் இசை நமக்குச் செய்ததை மறக்கவேண்டியதில்லை.

ஆனால் புதுக்கோட்டைக்காரர்களாகிய நமக்கு எல்லாவற்றையும்விட நெருக்கமானது அறிவொளிப் பாட்டு. 1991இல் அறிவொளி இயக்கம் இங்கே தொடங்கியது. அப்போதைய ஆட்சியர் சீலா ராணி சுங்கத் அவர்கள், பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொள்வதையும் எழுத்தறிவோடு சேர்த்தார். முத்து பாசுகரன் என்ற அறிவொளித் தொண்டர் மிதிவண்டி கற்றுக்கொள்ளச் சொல்லி ஒரு பாட்டு எழுதினார். அது மாவட்டத்தின் பாட்டாகவே ஆகிவிட்டது. 1992 அனைத்துலக மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு நகருக்குள் வந்தார்கள். அவ்வாண்டில் நடந்த ஓட்டிக்காட்டும் விழாக்களிலும் போட்டிகளிலும் 70,000க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். குடுமியான்மலைப் பக்கத்துக் கல்குவாரிப் பெண்களும் அதில் இருந்தார்கள். அவர்களில் மிகப்பலர் நம் வீட்டுப் பெண்கள். ராகம் வெட்டிய மலையின் அடியில் கல்லுடைத்தவர்கள், தாமே குவாரியைக் குத்தகைக்கு எடுத்து, பாடிக்கொண்டு மிதிவண்டியில் போனார்கள். ஊர்த் தெருவில் வண்டியை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும் என்றிருந்த எங்கள் தந்தையரை எண்ணிப் பாருங்கள். அவர்கள் பேத்திகள் மணியடித்துக்கொண்டு போனார்கள். பாட்டு இலக்கணப்படி எப்படிப்பட்டது என்று எங்களைக் கேட்டால், எளிய மெட்டு, நான்கு முறை கேட்டால் வாயில் ஏறிவிடும் என்போம். எங்கள் விருப்பப் பட்டியலில் அதற்கு முதலிடம் தருவதற்குக் காரணம் வேறு. அதைப் பாடிய வாய்களில் பல அதுவரை கூலிக்கு ஒப்பாரி வைத்தவை.

இவ்வளவையும் சொன்னபின் இன்றைக்கு வரவேண்டும். தப்பு இப்போது பறை என்ற பழம்பெயரோடு கல்லூரி விழாக்களில் ஒலிக்கிறது. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைத்திருக்கிறார் என்று தமிழாசிரியர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மசிரீ விருது கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் 2022 திசம்பரில், நம் மாவட்டத்திலேயே, வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் மலம் கலந்திருந்தது. மேடை மாறியிருக்கிறது, தண்ணீர்த் தொட்டி மாறவில்லை.

அதனால்தான், நம் மாலைப் பள்ளியில் பறை கற்றுக்கொடுக்கலாம் என்று இளைஞர்கள் கேட்டபோது பெரியவர்கள் சிலர் எழுந்து, "எதை விடுவதற்காக இந்தச் சங்கம் வைத்தோமோ அதையே பிள்ளைகள் கையில் கொடுப்பதா?" என்று கேட்டார்கள். சென்ற பொதுக்குழுவில் அது சண்டையாகவே முடிந்தது. இளைஞர்கள் சொல்வதுபோல அந்தப் பெரியவர்கள் பிற்போக்கானவர்கள் அல்லர். அவர்கள் முதுகில் தழும்பு இருக்கிறது. விருது வாங்கியவரின் புகைப்படத்தைக் காட்டி அந்தத் தழும்பை அழிக்கமுடியாது. அதே நேரம், பேத்தி ஒருத்தி தானே விரும்பிக் குச்சியைக் கையில் எடுக்கும்போது, அவள் கேட்பது தாத்தா கேட்ட ஓசையன்று என்பதையும் பெரியவர்கள் அறியவேண்டும். இரு சாராரிடமும் பேசிப் பார்த்ததில் எங்களுக்குத் தோன்றும் ஏற்பாடு இது. வகுப்பு நடக்கட்டும், விரும்பும் பிள்ளைகளுக்கு மட்டும், பெண்பிள்ளைகளையும் சேர்த்து. கற்பிக்கும் ஆசானுக்குக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுக்கும் அதே ஊதியமும் அதே நாற்காலியும் கொடுக்கப்படட்டும். சங்கத்தின் கருவி எந்த ஊர் இழவுக்கும், எவர் அழைத்தாலும், எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் போகாது என்று விதியேட்டில் எழுதிக் கையொப்பமிடுவோம். நம் வீட்டு இறப்புக்கு அடிப்பதா வேண்டாமா என்பதை இறந்தவரின் குடும்பம் முடிவு செய்யட்டும்.

மற்றொன்று அவசரமானது. நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த தாய்மார்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் ஆண்டுக்காண்டு குறைகிறார்கள். நடவு இயந்திரம் வந்தபின் எடுத்துக் கொடுக்கவும் வாங்கிப் பாடவும் வயலில் ஆள் இல்லை. மாணவர்கள் கையில் எல்லாம் ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி இருக்கிறது. வரும் கோடை விடுமுறையில் வீட்டுக்கு வீடு போய்ப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், எந்த வயலில் எந்த வேலைக்கு யாரிடம் கற்ற பாட்டு என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். 'நாட்டுப்பாடல், ஆசிரியர் பெயர் தெரியவில்லை' என்று அச்சிட்டு நம் தாய்மார்களைப் பெயரில்லாதவர்களாக்கிய புத்தகங்கள் போதும். பாடியவர் விரும்பாத பாட்டைப் பதியவேண்டாம். ஒப்பாரியைப் பொழுதுபோக்காகப் பாடச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம், அவர்களாகப் பாடினால் பதியுங்கள். செயலாளர் அவர்கள் ஒரு பேரேடு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதற்பக்கத்தில் எழுதவேண்டிய பெயருக்குரிய அம்மா இந்தக் கொட்டகையின் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அவரைப் போய்ப் பாருங்கள்.